கத்திரி வெயிலில் தனியாக ஒரு சைக்கிள் பயணம்!

"அப்பா, லீவுல நான் சைக்கிள்லயே திருவண்ணாமலை போய்ட்டு வரேன்பா. தனியாத்தான். ராத்திரி வழியில எங்கேயாவது கூடாரம் போட்டுப் படுத்துக்குவேன்!"

மே மாதம். காஞ்சிபுரம் செவிலிமேட்டில் ஒரு வீடு. காலேஜில் படிக்கிற பையன் இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும்?

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? இந்த வெயில்ல காக்கா கூடப் பறக்கலை!" என்று அம்மா அலறுவார். "பஸ் இருக்கில்ல, அதுல போ" என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே அப்பா சொல்லுவார். தறியில் உட்கார்ந்திருக்கும் தாத்தா மட்டும் கையை நிறுத்திவிட்டு, "எத்தனை மணிக்குடா கிளம்புவே?" என்று கேட்பார்.

மூன்று பேரில் சரியான கேள்வி கேட்டவர் தாத்தாதான். ஏன் என்று பார்ப்போம்.

ஆசை தப்பில்லை. சைக்கிள் மிதிப்பது இருதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கு ரொம்ப நல்லது. செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் மாமண்டூர், வந்தவாசி, சேத்துப்பட்டு வழியாகத் திருவண்ணாமலைக்கு ஏறக்குறைய நூற்றுப் பத்து, நூற்றிருபது கிலோமீட்டர். இளவட்டங்களுக்கு இது பெரிய தூரமே இல்லை. பயப்பட வேண்டியது தூரத்துக்கு அல்ல. இரண்டே இரண்டு விஷயத்துக்கு. ஒன்று வெயில். இன்னொன்று, 'தனியாக' என்கிற அந்த ஒரு வார்த்தை. இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து.

சாலைக்கிணறு சொல்லும் கதை

செவிலிமேட்டுக்காரர்களுக்குச் சாலைக்கிணற்றை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். இளம் வயதில் ராமானுஜர் தம் குரு யாதவப்பிரகாசரோடு காசி யாத்திரை போனார். வழியில் தம் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்து, விந்திய மலைக் காட்டில் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியே நின்றார். அப்போது ஒரு வேடனும் அவன் மனைவியும் துணைக்கு வந்தார்கள். இரவு ஒரு மரத்தடியில் தங்கினார்கள். வேடுவச்சிக்குத் தாகம். விடிந்ததும் ராமானுஜர் பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் முகந்து வந்து கொடுத்தார். மறுபடி போய் வந்து பார்த்தால் இருவரையும் காணோம்! கண்ணெதிரே தெரிந்ததோ காஞ்சிபுரம். வந்தவர்கள் வரதராஜப் பெருமாளும் பெருந்தேவித் தாயாரும்தான் என்பது ஐதீகம். அந்தக் கிணறுதான் சாலைக்கிணறு. அதிலிருந்து தினமும் ஒரு குடம் தண்ணீரைப் பெருமாளுக்குச் சுமந்து வந்தார் ராமானுஜர் என்பார்கள்.

பக்தியைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆரோக்கியப் பத்திரிகைக்காரர்கள் நாங்கள் பார்ப்பது மூன்று விஷயம். தனி வழி, இரவு மரத்தடி, தண்ணீர். நம் பையனின் பயணத்திலும் இதே மூன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம்... அவனுக்குத் துணைக்கு யாரும் வரப் போவதில்லை!

உடம்பு ஓர் அடுப்பு

நம் உடம்பின் உள் சூடு 37 டிகிரி செல்சியஸ். பழைய கணக்கில் 98.6 டிகிரி. இது இரண்டு மூன்று டிகிரி ஏறினாலே வம்பு.

சைக்கிள் மிதிக்கும்போது காலுக்குக் கிடைக்கிற சக்தி எல்லாம் பெடலுக்குப் போகிறது என்று நினைக்கிறோம். இல்லை. நாலில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. பாக்கி மூன்று பங்கும் வெறும் சூடாக உடம்புக்குள்ளேயே தங்குகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒரு பையன் மூட்டையோடு நிதானமாக மிதித்தால் மணிக்குச் சுமார் 400 கலோரி செலவாகும். அதில் 300 கலோரி சூடு. அந்தச் சூட்டை வெளியே தள்ள வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரே மணி நேரத்தில் அவன் உடம்பு 37 டிகிரியிலிருந்து 43 டிகிரிக்குப் போய்விடும்! அவ்வளவு சூட்டில் மனிதன் பிழைப்பது அபூர்வம்.

பின்னே எப்படி எல்லோரும் சைக்கிள் ஓட்டுகிறார்கள்? வியர்வைதான் காப்பாற்றுகிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் காய்ந்து ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி சூட்டைத் தன்னோடு எடுத்துப் போகிறது. கவனியுங்கள்: காய்ந்தால்தான் பலன். சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிற வியர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

காற்றில் ஈரம் ஜாஸ்தியாக இருந்தால் வியர்வை காயாது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் பிற்பகலில் கடற்காற்று வந்தால் கொஞ்சம் இதமாக இருக்கும். ஆனால் அதோடு புழுக்கமும் வந்து சேரும். கடற்காற்று வராத நாளிலோ கேட்கவே வேண்டாம். 2003 மே 31 அன்று கடலோரத்திலிருக்கும் சென்னையிலேயே 45 டிகிரி அடித்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. 'வெயில்தானே' என்று அலட்சியம் செய்கிற காலம் போய்விட்டது.

காற்று செய்யும் மோசடி

நடந்து போகிறவனுக்கு இல்லாத ஒரு தனி ஆபத்து சைக்கிள்காரனுக்கு உண்டு. மிதிக்க மிதிக்க முகத்தில் காற்று அடிக்கும். 'ஆகா, ஜிலுஜிலுன்னு இருக்கே!' என்று தோன்றும். சட்டை நனையாது. ஏன்? வரும் வியர்வையை வந்த வேகத்திலேயே காற்று காயவைத்து விடுகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் உடம்பை விட்டுப் போயிருக்கும். ஆனால் வியர்க்கவே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான். சிக்னலிலோ டீக்கடையிலோ நிறுத்தினால் மடமடவென்று கொட்டும். அப்போதுதான் உண்மை தெரியும்.

காலை பத்து மணிக்கு மேல் இன்னொரு மோசடி. வெளிக்காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால், அதாவது சுமார் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், அந்தக் காற்றே உடம்புக்குள் சூட்டை ஏற்ற ஆரம்பிக்கும். மேலே சூரியன், கீழே தார் ரோடு, எதிரே அனல் காற்று, உள்ளே தசைகளின் சூடு. நாலு பக்கமும் அடுப்பு!

ரோம் நகரில் என்ன நடந்தது?

1960 ஆகஸ்ட் 26. ரோம் ஒலிம்பிக்ஸ். நூறு கிலோமீட்டர் குழு சைக்கிள் போட்டி. வெயில் 40 டிகிரி வாக்கில். டென்மார்க் குழுவில் நாலு பேர். ஒருவர் முதல் சுற்றிலேயே வெயில் தாங்காமல் விலகிவிட்டார். இன்னும் ஒருவர் விலகினால் குழுவே அவுட். மிச்சமிருந்தவர்களில் ஒருவர் நுட் எனமார்க் யென்சன், வயது 23. அவர் "தலை சுற்றுகிறது" என்று சொன்னார். கூட ஓட்டியவர்கள் இரண்டு பக்கமும் அவரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே ஓட்டினார்கள். கொஞ்சம் தேறியது போலத் தெரிந்தது. கையை விட்டார்கள். அப்படியே சாய்ந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. தூக்கிப் போய்ப் படுக்கவைத்தது, வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த ஒரு கூடாரத்தில். அன்றே இறந்துவிட்டார்.

அவர் ஏதோ மருந்து சாப்பிட்டதுதான் காரணம் என்று அப்போது பெரிய பேச்சு எழுந்தது. வெயிலுக்கும் கீழே விழுந்ததற்கும்தான் பெரிய பங்கு என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். எது எப்படியோ, நமக்கு இதில் இரண்டு பாடம். பயிற்சி பெற்ற ஒலிம்பிக் வீரனையே வெயில் சாய்த்துவிடும். பிடித்துக்கொள்ள ஆள் இருந்த வரைக்கும் அவர் விழவில்லை.

நம் நாட்டிலும் பெரிய சைக்கிள் வீரர்கள் உண்டு. 1924-ல் பம்பாயிலிருந்து தன்னந்தனியாக உலகம் சுற்றப் புறப்பட்டவர் பார்ஸி இளைஞர் ஃப்ராம்ரோஸ் தாவர். 1931-ல்தான் ஊர் திரும்பினார். சஹாரா பாலைவனத்தையே சைக்கிளில் கடந்தவர். ஆனால் அந்தப் பாலைவனத்தில் அவர் தனியாக இல்லை. வியன்னாவில் சிநேகிதமான ஆஸ்திரியா நாட்டுக்காரர் ஒருவர் கூடவே இருந்தார்.

முதலில் போவது புத்தி!

துணை ஏன் அவ்வளவு முக்கியம்? காரணம் இதுதான். வெயில் மயக்கத்தில் கால் கடைசியில்தான் ஓயும். முதலில் ஓய்வது மூளை. எப்படி என்று வரிசையாகப் பாருங்கள்.

முதல் படி: கெண்டைக்கால், தொடையில் குரக்களி பிடித்து இழுக்கும். எழுந்து நின்றால் கண் இருட்டும்.

இரண்டாம் படி: தலைவலி, குமட்டல், சோர்வு, படபடப்பு. சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போகும். வெயிலிலேயே ரோமம் சிலிர்த்துக் குளிர்வது போல இருக்கும்.

மூன்றாம் படி: உடம்பின் உள் சூடு 40 டிகிரியை, அதாவது 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிடும். பேச்சு குழறும். எரிச்சல் வரும். சம்பந்தமில்லாமல் உளறுவான். நடை தள்ளாடும். வலிப்பு வரலாம். நினைவு தப்பலாம். இதுதான் 'ஹீட் ஸ்ட்ரோக்'. மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாமே கெடுகிற அவசர நிலை.

'ஹீட் ஸ்ட்ரோக் என்றால் வியர்வை நின்று தோல் வறண்டுவிடும்' என்று பலரும் படித்திருப்பீர்கள். வயதானவர்கள் வீட்டுக்குள் புழுக்கத்தில் கிடந்து சுருளும்போது அப்படித்தான் இருக்கும். ஆனால் உழைத்துச் சூடேறும் இளைஞனுக்கு அப்படியில்லை. உடம்பு தெப்பமாக நனைந்திருக்கும்போதே ஹீட் ஸ்ட்ரோக் வந்துவிடலாம். "வேர்க்குதே, ஒண்ணும் இல்லை" என்று நினைத்து ஏமாந்து போகாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இரண்டாம் படியிலேயே அவன் வண்டியை நிறுத்தி நிழலில் உட்கார்ந்துவிட்டால் பிழைத்தான். ஆனால் 'நிறுத்தலாமா, வேண்டாமா' என்று முடிவு செய்ய வேண்டிய மூளைதான் அந்த நேரத்தில் மந்தமாகிக்கொண்டு வருகிறது! "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே, போயிடலாம்" என்று அது சொல்லும். கூட ஒருவர் இருந்தால், "டேய், உன் மூஞ்சியே சரியில்லை. இறங்குடா!" என்பார். தனியாகப் போகிறவனுக்கு அந்தக் குரல் இல்லை.

அதனால்தான் சொல்கிறோம். தனியாகப் போகிறவன் வெயிலில் தன் தலையை நம்பக் கூடாது. எப்போது நிறுத்துவது, எப்போது குடிப்பது என்பதையெல்லாம் வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்து எழுதிக்கொள்ள வேண்டும். ரோட்டில் கடிகாரம் சொல்கிறபடி நடக்க வேண்டும். 'எத்தனை மணிக்கு' என்று தாத்தா கேட்டதன் அர்த்தம் இதுதான்.

கடிகாரம் சொல்கிறபடி...

காஞ்சிபுரத்துத் தெருக்களில் பாவு விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? விடியற்காலையில் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வெயில் பட்டால் நூல் முறுகிவிடும். நூலுக்குக் காட்டுகிற அந்த அக்கறையை உடம்புக்கும் காட்டினால் போதும்.

காலை 5 மணி: கிளம்பலாம். பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு அவசியம். ஹெல்மெட் மறக்கக் கூடாது.

8 மணி: மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று நிதானமாக மிதித்தால் வந்தவாசிப் பக்கம் வந்திருப்பான். டிபன். வீட்டுக்குப் போன்.

9 மணி: எந்த ஊராக இருந்தாலும் சரி, மிதிப்பதை நிறுத்திவிட வேண்டும். 'அடுத்த ஊர் பக்கத்தில்தான்' என்பதெல்லாம் கூடாது.

9 முதல் 4.30 வரை: நிழல். சாப்பாடு, தூக்கம், தண்ணீர். மரத்தடி, சத்திரம், தெரிந்தவர் வீடு, எதுவானாலும் சரி. தகரக் கொட்டகை மட்டும் வேண்டாம்.

மாலை 4.30 முதல் 6.30 வரை: மிச்சத் தூரம். சேத்துப்பட்டுப் பக்கம் வரை போகலாம். இருட்டிய பிறகு மிதிக்கக் கூடாது. மறுநாள் காலையில் திருவண்ணாமலை.

"ஒரே நாள்ல முடிக்கிறதை ரெண்டு நாளா இழுக்கணுமா?" என்பான் பையன். ஆமாம், இழுக்கத்தான் வேண்டும்!

எவ்வளவு தண்ணீர்? என்ன தண்ணீர்?

தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று சும்மா இருக்கக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். மணிக்கு முக்காலிலிருந்து ஒரு லிட்டர். கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

அவரவர் உடம்புக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. சிறுநீர் கழித்துவிட்டு, கொஞ்ச உடையோடு எடை பாருங்கள். ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு வந்து, துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். எடை கூடியிருந்தால்? தேவைக்கு மேல் குடித்திருக்கிறான். அதுவும் ஆபத்துதான்.

ஆம், வெறும் தண்ணீரையே மணிக்கு இரண்டு லிட்டர் என்று ஊற்றிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். பார்ப்பதற்கு வெயில் மயக்கம் போலவே இருப்பதால் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்கிவிடுவார்கள். தண்ணீரோடு உப்பும் போக வேண்டும்.

இதற்குச் சரியான மருந்து நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். பவுடர்! 1971-ல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த பங்கான் முகாமில் காலரா வந்து, ஊசி வழியே ஏற்றுகிற சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார் கல்கத்தா டாக்டர் திலீப் மஹலநாபிஸ். குளுக்கோஸ் கூட இருந்தால் குடல் உப்பையும் தண்ணீரையும் சீக்கிரம் உறிஞ்சும். அதுதான் இதன் சூட்சுமம். வாங்கும்போது பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பவுடர் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. உப்புப் போட்ட நீர் மோரும், காலையில் ஒரு சொம்பு நீராகாரமும் அருமை. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் ஜாஸ்தி, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஆகவே இளநீரை மட்டும் நம்பக் கூடாது. பாட்டில் கூல்டிரிங்க்ஸில் சர்க்கரைதான் அதிகம். மதுவோ... பேச்சே வேண்டாம்.

சரியாகக் குடிக்கிறோமா என்று அறிய சிறுநீரைப் பார்த்தால் போதும். இளமஞ்சள் நல்லது. அடர் மஞ்சள் என்றால் போதவில்லை. காபி டிகாஷன் நிறத்தில் போனால் தசைகள் சிதைகின்றன என்று அர்த்தம். பயணத்தை அங்கேயே முடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பத்து நாள் பழக்கம்

மார்ச், ஏப்ரல் பூராவும் ஃபேனுக்குக் கீழே பரீட்சைக்குப் படித்தவன், திடீரென்று அக்னி நட்சத்திரத்தில், அதாவது மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் நாட்களில், மூட்டையோடு இறங்குவது தற்கொலைக்குச் சமம். வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் மிதித்துப் பழகினால், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், இருதயத்துக்குச் சுமையும் குறையும். பழகினாலும் மதிய வெயில் மதிய வெயில்தான். அதை மறக்க வேண்டாம்.

சட்டை வெளிர் நிறத்தில் லொடலொடவென்று இருக்கட்டும். கழுத்தில் ஈரத்துண்டு. நிறுத்தும்போதெல்லாம் தலை, கழுத்து, கைகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அதுவும் வியர்வை போலவே வேலை செய்யும்.

ராத்திரி எங்கே படுப்பது?

பகலில் ஏறிய சூடு இரவில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மறுநாள் அவன் பாதிக் களைப்போடுதான் கிளம்புவான். முந்தின நாள் வெயிலில் வாடி, சரியாகத் தூங்காமல் போகிறவர்களுக்கு இரண்டாம் நாளில் ஆபத்து கூடும். நாலு பக்கமும் மூடிய நைலான் கூடாரத்தில் காற்று நுழையாது, புழுங்கித் தள்ளும். வலைத்துணி வைத்த கூடாரம், இல்லையென்றால் நல்ல கொசுவலை நல்லது.

கொசுவலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டுவிரியன் பாம்பு ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியே தெரியாது. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். கடித்தது போலச் சந்தேகம் வந்தாலே மந்திரம், கட்டு எதுவும் வேண்டாம். நேரே அரசு ஆஸ்பத்திரிக்குத்தான்.

தனி மரத்தடியில் கூடாரம் வேண்டாம். கோடை மழை இடியோடு வரும். ஆற்று மணலில் பள்ளங்கள் இருக்கும், அங்கேயும் வேண்டாம். ஊருக்குள் நாலு பேர் கண்ணில் படுகிற இடமாக, கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு படுப்பதுதான் புத்திசாலித்தனம். "சார், இந்த ராத்திரி மட்டும் இங்க படுத்துக்கலாமா?" என்று கேட்டால் நம் ஊர்களில் பெரும்பாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஒரு சொம்பு தண்ணீரும் தருவார்கள். தனியாகப் போகிறவனுக்கு அந்த அரை மணி நேரப் பேச்சும் ஒரு வைத்தியப் பரிசோதனை மாதிரிதான். முகம் வாடியிருந்தால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

யார் போகவே கூடாது?

கடந்த ஒரு வாரத்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தவர்கள். முன்பு ஒரு முறை ஹீட் ஸ்ட்ரோக் வந்தவர்கள். இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மன நோய்க்கான சில மருந்துகளை எடுக்கிறவர்கள், சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. சாதாரண ஜலதோஷ மாத்திரைகளில் சில கூட வியர்வையைக் குறைக்கும்.

வீட்டிலிருப்பவர்களுக்கு: போனில் மூன்று கேள்வி

"ஜாக்கிரதையா போ, வேளா வேளைக்குச் சாப்பிடு" என்று போனில் நூறு தடவை சொல்வதால் பலனில்லை. காலை 8, 10, மாலை 4.30, இரவு 7 என்று நாலு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்றே கேள்வி.

"இப்ப எந்த ஊர்ல இருக்கே?"

"கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனே? என்ன கலர்?"

"ஏழாம் வாய்ப்பாட்டைக் கீழேர்ந்து மேலே சொல்லு!"

மூன்றாவது கேள்வியைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். கூடப் போகாதவர்கள் தூரத்திலிருந்தே அவன் மூளையைப் பரிசோதிக்க இது ஒரு வழி. சட்டென்று சொல்லிவிட்டால் சரி. தடுமாறினால், குழறினால், "சும்மா இரும்மா!" என்று வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுந்தால், "உடனே நிழலுக்குப் போய் உட்காரு. பக்கத்துல யாராவது இருந்தா போனைக் குடு" என்று சொல்லுங்கள். சொன்னால் கேட்பேன் என்று கிளம்பும் முன்பே சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்! சொன்ன நேரத்துக்கு அரை மணி தாண்டியும் போன் வராவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள். எந்த வழி, எங்கே தங்கல் என்று எழுதிய காகிதம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று, ரத்த வகையும் வீட்டு நம்பரும் எழுதி, அவன் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ரோட்டோரம் ஒருவர் சுருண்டு கிடந்தால்...

இது எல்லோருக்கும். வெயிலில் ஒருவர் உளறுகிறார், தள்ளாடுகிறார், மயங்கிக் கிடக்கிறார் என்றால் உடனே 108-க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் குளிர வைக்க ஆரம்பியுங்கள்.

நிழலுக்குத் தூக்குங்கள். சட்டையைக் கழற்றுங்கள். உடம்பு முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். விடாமல் விசிறுங்கள். பம்ப்செட் தொட்டி பக்கத்திலிருந்தால், தலையை வெளியே பிடித்துக்கொண்டு கழுத்து வரை தண்ணீரில் இறக்கி வைப்பது இன்னும் சிறப்பு. ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

செய்யக் கூடாதவை: தெளிவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாரசிட்டமால் கொடுக்காதீர்கள்; இது காய்ச்சல் சூடு அல்ல, அது கேட்காது. மூடிய காருக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ படுக்க வைக்காதீர்கள். ரோமில் செய்த தப்பை நாமும் செய்ய வேண்டாம்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ "தனியா சைக்கிள்ல போறேன்" என்று வந்து நின்றால், எடுத்த எடுப்பிலேயே "கூடாது" என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள். சொல்லாமல் நடு மதியத்தில் கிளம்பிவிடுவார்கள், அதுதான் ஆபத்து. முடிந்தால் ஒரு சிநேகிதனைக் கூட அனுப்புங்கள். இல்லை, தனியாகத்தான் என்றால், பக்கத்தில் உட்கார வைத்து ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுங்கள். தாத்தா கேட்ட கேள்வியிலிருந்தே ஆரம்பியுங்கள்.

"சரிடா... எத்தனை மணிக்குக் கிளம்புவே? எத்தனை மணிக்கு நிறுத்துவே?"